சென்னையில் முனைவர் பட்டம் முடிக்கப்போகிறேன். போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) பணிக்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது?

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் அழைப்பு. செல்லவிருக்கும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பது விதி. சென்னையிலேயே படித்தவருக்கு அது தடையே அல்ல. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகை என்றால், பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டுக்கும் உங்களை ஏற்கும் பேராசிரியர் முதலில் வேண்டும். அவருக்கு எழுதும் மின்னஞ்சலில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் (பெறுபவர் பெண்ணாகவும் இருக்கலாம்!) யாரும் படிக்க மாட்டார்கள். அவருடைய அண்மைக் கட்டுரையைப் படித்து, அந்த ஆய்வில் நீங்கள் எதைச் சேர்க்க முடியும் என்று நான்கே வரியில் சொல்லுங்கள்.

உள்ளூரே போதும் என்றால், ஐஐடி மெட்ராஸிலும் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் போஸ்ட்டாக் இடங்கள் உண்டு.