வீடு மாறும்போது எந்தப் பொருளும் விடுபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மண்டபத்திலிருந்து ராமேசுவரத்துக்கு வாடகை வீடு மாறப்போவதாகவும், சென்ற முறை சில பொருள்கள் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டதாகவும், இம்முறை அப்படி நேராமலிருக்க வழி என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கரையோர ஊர்களில் வாடகை வீடுகளிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பட்டியல் எழுதிச் சரிபார்ப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நினைவில் இருக்கும் பொருள்தான் பட்டியலில் ஏறும். விடுபடுவதோ நினைவில் இல்லாதது. பீரோவையும் கட்டிலையும் யாரும் மறப்பதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் குடை, பரணின் உட்கோடியில் தள்ளி வைத்த குத்துவிளக்கு, மொட்டை மாடியில் கட்டிய கொடிக்கயிறு, நிலைக்கு மேல் செருகிய மாற்றுச் சாவி போன்றவையே நின்றுபோகின்றன. ஆகவே பொருளைத் தேடாமல் சுவரைப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் வாசலுக்கு வலப்புறம் தொடங்கி, சுவரை ஒட்டியே ஒரு சுற்று வந்து, தரை முதல் கூரை வரை கண்ணை ஓட்டியபின் அந்த அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். சாத்திய அறைக்குள் அதன்பின் யாரும் எதையும் கொண்டுபோய் வைக்கக் கூடாது. பரணைக் கீழே நின்று பார்த்தால் போதாது, ஏறி நின்று செல்பேசி வெளிச்சத்தில் மூலை வரை பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு நாற்காலியைக் கடைசி நடை வரை வண்டியில் ஏற்றாமல் நிறுத்தி வையுங்கள்.

நம் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. உப்புக்காற்றில் மின்விசிறி, திரைச்சீலைக் கம்பி ஆகியவற்றின் ஸ்குருக்கள் துருவேறி இறுகிவிடுகின்றன. வண்டி வாசலில் நிற்கும் நேரத்தில் கழற்றப் போனால் ஸ்குருவின் தலை தேய்ந்துபோகும். 'பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இரண்டு நாள் முன்பே மின்சாரத்தை நிறுத்திவிட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, முந்தைய நாளே கழற்றி, ஸ்குருக்களை அந்தந்தப் பொருளோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே இருப்பவை வேறு. தையல்கடையில் கொடுத்த துணி, பழுதுபார்க்கப் போன மிக்சி, பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப்போன இட்லிக் கொப்பரை ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அவர்களுடைய கிண்ணம் நம் அடுக்களையில் இருந்தால் அதையும் அப்போதே கொடுத்துவிடலாம்.

சமையல் எரிவாயுவைப் பொறுத்தவரை, முதலில் ஏஜென்சியில் விசாரியுங்கள். அருகிலுள்ள ஊர்களுக்கு இணைப்பை மாற்றும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கையோடு கொண்டுபோகலாம். தொலைவூருக்கு என்றால் அவற்றை ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டு வாங்க வேண்டும். அடுப்பு நம்முடையது, எடுத்துச் செல்லலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் பழைய முகவரியிலேயே நின்றுவிடுவதும் ஒரு வகையில் விட்டுவிட்டு வருவதுதான். அதற்குப் படிவம் 8 கொடுக்க வேண்டும்.

வழியிலும் பொருள் போகும். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் கடலின்மீது செல்வதால், ஆடி மாதக் காற்றில் குட்டியானையின் மேல் சும்மா வைத்த பாயும் தலையணையும் நிற்காது. தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

சாவியை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்காரரையும் உடன் அழைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் கடைசிச் சுற்றைப் போட்டு, மின்மீட்டரைப் படமெடுத்து, அட்வான்ஸ் கணக்கை முடித்த பின்னரே சாவியை ஒப்படையுங்கள். மறுநாளே வெள்ளையடிக்க ஆள் வந்துவிடுவார். அவர் வாரி வெளியே போடும் குப்பையில் நம் பொருளைத் தேடி எடுப்பது நடக்கிற காரியமில்லை.