எட்டு வாரத்தில் நாடகம் போட முடியுமா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். தைக் கடைசியில் கோயில் திருவிழாவுக்கு முக்கால் மணி நேர நாடகம் போட ஆசை. திறந்தவெளி மேடை. மொத்தம் பத்துப் பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: எட்டு வாரம் தாராளம். ஆனால் பத்துப் பேரில் ஒருவரை நடிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்தான் மேடை நிர்வாகி. வசனம் மறந்து கெட்ட நாடகத்தைவிட, விளக்கை யார் அணைப்பது என்று தெரியாமல் கெட்ட நாடகம்தான் அதிகம்.

முதல் வாரமே கதையை முடிவு செய்யுங்கள். பிறர் எழுதியது என்றால் அனுமதி கேட்டுவிடுவது நல்லது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு தாண்டியிருந்தால் தேவையில்லை. அடுத்து சில நாள் உட்கார்ந்து வாசிப்பு, அப்புறம் மேடை அளவுக்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடமாட்டம். ஐந்தாம் வாரம் கையில் தாள் இருக்கக் கூடாது. பொருட்களையும் அப்போதே கொண்டுவாருங்கள். வெறுங்கையோடு பழகியவர் நிஜச் செம்பு கைக்கு வந்ததும் வசனத்தை விட்டுவிடுவார்.

நிர்வாகியிடம் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் விளக்கு, சத்தம், படுதா எப்போது என்ற குறிப்பு. பென்சிலில் எழுதுங்கள், மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு வசனம் முன்னால் அவர் "ரெடி" சொல்ல வேண்டும், நேரம் வந்ததும் "போடு". அவர் சொல்லாமல் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது.

உங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு: காற்று. தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து அடிக்கும். படுதாவின் அடியில் மூங்கில் கட்டுங்கள். தொங்கு மைக்கை நம்பாதீர்கள். எந்த மைக்குக்கும் பஞ்சு உறை அவசியம்.

ஒலிபெருக்கிக்கு போலீஸ் அனுமதியைக் கமிட்டி வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரவு 10 மணிக்கு மேல் போடக் கூடாது என்பதுதான் பொது விதி. மேளம் நீளும், தலைவர் பேச்சு அதைவிட நீளும். எனவே எட்டு மணிக்கே இடம் கேளுங்கள்.

முந்தின நாள் இருட்டிய பிறகு ஒத்திகைக்கு மேடையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பகலில் கிடைத்தால் விளக்கைச் சோதிக்க முடியாது. நடுவில் உள்ள வசனங்களை விட்டுவிட்டு, விளக்கும் சத்தமும் மாறும் இடங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். பிறகு வேஷத்தோடு ஒருமுறை முழுதாக.

நாடகத்தன்று இயக்குநர் கூட்டத்தோடு போய் உட்காரட்டும். ஓரத்தில் நின்று சைகை காட்டினால் நடிகர்கள் அவரையேதான் பார்ப்பார்கள்.