சாக்குக்கு ஒரு கிலோ: மனந்திரும்புதல் குறித்து வாசகர் கேள்விகள்

மனந்திரும்புதல், மன்னிப்பு பற்றி மலையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஊரும் கேள்விக்கு வேண்டிய விவரமும் தவிர, ஆளை அடையாளம் காட்டும் எதையும் விட்டுவிட்டோம்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் இலை ஏஜெண்டாக இருக்கிறேன். சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை எடை போட்டு ஃபாக்டரிக்கு அனுப்புவது என் வேலை. மழை நாளில் ஈரத்துக்காகக் கொஞ்சம் கழிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் நல்ல வெயில் நாளிலும் சாக்குக்கு ஒரு கிலோ கழித்து, அதை என் தோட்டத்து இலையாகக் கணக்கில் சேர்த்தேன். நான்கு வருஷம், 14 பேரிடம். போன வருஷம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அழுது தேவனிடம் அறிக்கையிட்டு, அன்றோடு நிறுத்திவிட்டேன். 10,000 ரூபாய் காணிக்கையும் போட்டேன். ஆனாலும் தராசு முன்னால் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தேவன் மன்னித்துவிட்டார் என்றால் ஏன் இப்படி?

பதில்: தேவன் மன்னித்துவிட்டார், அதில் சந்தேகம் வேண்டாம். அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 சொல்வதில் தவணையும் இல்லை, நிபந்தனைப் பட்டியலும் இல்லை. ஆனால் அந்த 14 பேரின் பணம் இன்னும் அவர்கள் கைக்குப் போகவில்லையே. நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான். சாத்தானின் குற்றச்சாட்டு என்று எண்ணி அதை ஜெபம்பண்ணி விரட்டிவிடாதீர்கள். அது உங்களுக்கு நல்லது செய்ய வந்திருக்கிறது.

காணிக்கையை முதலில் பார்ப்போம். அந்த 10,000 ரூபாய் உங்களுடையது இல்லை. அடுத்தவர் இலைக்கான காசு. பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி வா என்று இயேசு சொன்னார் (மத்தேயு 5:23, 24). அந்த வரிசையை நீங்கள் மாற்றிவிட்டீர்கள். பெட்டியில் போட்டதை மறந்துவிட்டு, விவசாயிகளின் கணக்கைத் தனியாக எடுங்கள்.

கணக்கு எடுப்பது எப்படி என்று எண்ணாகமம் 5:6-8 வழி சொல்கிறது. செய்ததை அறிக்கையிட வேண்டும். முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, பாதிக்கப்பட்டவனிடமே கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள உறவு யாரும் இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனிடம் போகும். யாத்திராகமம் 22-ல் திருடி விற்ற ஆட்டுக்கு நாலு ஆடு என்று இருக்கிறதே என்பீர்கள். அது பிடிபட்டவனுக்கான சட்டம். தானாக வந்து சொல்கிறவனுக்கு ஐந்தில் ஒரு பங்குதான். ஒருவன் தானாக வரட்டும் என்று மோசேயின் நியாயப்பிரமாணமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 10 சாக்கு என்றால் வருஷத்துக்கு 120 கிலோ, நான்கு வருஷத்துக்கு 480 கிலோ. சராசரி விலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 9,600 ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு 1,920. மொத்தம் 11,520. இது மாதிரிக் கணக்குத்தான். நீங்கள் உங்கள் பழைய நோட்டிலிருந்து அந்தந்த மாத விலையையும் சாக்கு எண்ணிக்கையையும் எடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். எண்ணிக்கை நிச்சயமில்லாத மாதத்தில் அவருக்குச் சாதகமாகக் கூட்டியே போடுங்கள். 14 பேருக்கும் இதே அளவு என்றால் 1,61,280 ரூபாய். ஒரே நாளில் முடியாது. மாதம் 4,500 ரூபாய் ஒதுக்கினால் 36 மாதத்தில் முடியும். தோட்டம் சிறியதாக உள்ளவர்கள், விதவைகள், வயதானவர்கள் முதலில். இறந்துபோனவர் இருந்தால் அவர் பிள்ளைகளிடம் கொடுங்கள். உங்கள் மனைவிக்குத் தெரியாமல் இதைத் தொடங்க வேண்டாம். மூன்று வருஷம் வீட்டுச் செலவில் கை வைக்கப் போகிறீர்கள்.

பலர் தவறுவது பேச்சில்தான். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க" என்ற நம் ஊர் வாசகம் பணிவாகக் கேட்கும், ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொள்ளாது. நீங்கள் தெரிந்தே செய்தீர்கள். ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, நான்கு வருஷமா வெயில் நாளிலயும் உங்க இலையில சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சேன். அது திருட்டு. இது அதோட கணக்கு. மாசம் இவ்வளவு கொண்டுவந்து கொடுக்கிறேன்." அவ்வளவு போதும். ஃபாக்டரி நெருக்கினது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது என்று காரணம் சேர்த்தால் அறிக்கை வழக்காடலாகிவிடும். அந்த இடத்திலேயே "மன்னிச்சேன்னு சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அவருக்குக் கோபப்பட நேரம் வேண்டும். துணைக்கு ஆயரையோ பெரியவரையோ முதல் தடவை கூட்டிப் போகாதீர்கள், கூட வந்தவர் முகத்துக்காக விவசாயி மன்னிக்க வேண்டி வரும். ஹட்டி (ஊர்) முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. தெரியத்தான் செய்யும். சிலர் இலையை வேறு ஏஜெண்டிடம் போடுவார்கள். அந்த நஷ்டமும் இதோடு சேர்ந்தது என்று முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிலிருந்து தராசின் முகப்பை விவசாயியின் பக்கம் திருப்பி வையுங்கள். ஈரக் கழிவைத் துண்டுச் சீட்டில் தனி வரியாக எழுதிக் கொடுங்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 சொல்வது உங்கள் வேலையைப் பற்றியே.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தப் பணம் மன்னிப்புக்கான விலை இல்லை. லூக்கா 19-ல் வரி வசூலிக்கும் சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னது, இயேசு தாமாக அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகு. விருந்தாளி உள்ளே வந்துவிட்டார், அதற்கப்புறம்தான் கணக்கு நோட்டு வெளியே வந்தது.

கேள்வி: குன்னூர். என் கணவர் 12 வருஷமாகத் தினமும் குடிக்கிறார். உபவாச ஜெபத்தில் ஒப்புக்கொடுத்து, அன்றே நிறுத்தினார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் நடுங்கி, சுவரில் யாரோ நிற்பதாகக் கத்தினார். ஜெபக்குழுவில் அசுத்த ஆவி என்றார்கள். பயந்துபோய் நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன். எங்கள் விசுவாசம் குறைவா?

பதில்: சகோதரி, விசுவாசத்தில் குறையில்லை, நீங்கள் பாவமும் செய்யவில்லை. பல வருஷம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் போனதிலிருந்து நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும், ஆள் இடம் தெரியாமல் பிதற்றுவதும் வரலாம். இந்தக் கட்டத்தில் உயிரே போகக்கூடும். சாப்பிடாமல் உபவாசம் இருந்துகொண்டு நிறுத்தியது ஆபத்தைக் கூட்டியது. குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

அடுத்த முறை வீட்டில் நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் ஊசி போடுவார்கள். முதலில் பேசிப் பார்க்க 14416 (டெலி மானஸ்) இலவசம், தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கென்று 14446 இருக்கிறது. ஜெபக்குழு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே (லூக்கா 5:31).

உடம்பு தெளிந்த பிறகுதான் மனந்திரும்புதலின் நீண்ட வேலை. பெருக்கி அலங்கரித்து வெறுமையாக விட்ட வீட்டுக்கு ஏழு ஆவிகளோடு பழையது திரும்பிவரும் என்று மத்தேயு 12:43-45 எச்சரிக்கிறது. உங்கள் வீட்டில் வெறுமையாக இருக்கப்போவது சாயங்காலம் 6 மணி முதல் 9 மணி வரை. அந்த மூன்று மணி நேரத்தை நிரப்புங்கள். 6 மணிக்கே சூடாகச் சாப்பாடு கொடுங்கள். பசியும் குளிரும் சேர்ந்தால் குடிக்கும் ஆசை கூடும். சம்பள நாளில் நீங்களோ மூத்த பிள்ளையோ கூடப் போங்கள்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் இந்த மலையில் பலரைத் திரும்ப விழவைப்பது. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். காட்டுக்கும் யானைக்கும் நல்ல திட்டம். ஆனால் பரணில் 15 காலி பாட்டில் இருந்தால், அந்த 150 ரூபாய்க்காக அவர் கால் அதே கடைக்குப் போகும். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நம்பகமான ஆளிடம் எல்லாவற்றையும் கொடுத்தனுப்பிவிடுங்கள்.

மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ஒருவரிடம் சொல்ல வேண்டும். யார் அந்த ஒருவர் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்வதற்கு நடைமுறை அர்த்தம் இதுதான். மறைத்த ஒருநாள் ஒரு வாரமாகும். சொன்ன ஒருநாள் பெரும்பாலும் அன்றோடு நிற்கும். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் இதே வழியில்தான் நடக்கின்றன: தன் குற்றங்களைப் பட்டியலிடுவது, இன்னொருவரிடம் சொல்வது, பாதிக்கப்பட்டவருக்குச் சரிசெய்வது. பக்கத்தில் கூட்டம் நடந்தால் கட்டாயம் போகட்டும்.

கேள்வி: கூடலூர். என் கணவர் என்னை அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அழுது என் காலில் விழுகிறார். புதன்கிழமை மறுபடி அடிக்கிறார். ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்கிறார்கள் சபை மூப்பர்கள்.

பதில்: அவர்கள் மத்தேயு 18-ம் அதிகாரத்தின் 22-ம் வசனத்தை வாசித்துவிட்டு 15 முதல் 17 வரை வாசிக்க மறந்துவிட்டார்கள். தனியே சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போய்ச் சொல், அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு அறிவி, சபைக்கும் செவிகொடாவிட்டால் அவனை விலக்கி வை. இரண்டும் ஒரே அதிகாரத்தில், ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

மன்னிப்பது என்றால் பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் விடுவது. அது உங்கள் கையில் இருக்கிறது, இன்றே செய்யலாம். நம்பிக்கை வேறு. அது அவர் சம்பாதிக்க வேண்டியது. யோசேப்பு தன்னை விற்ற சகோதரரை மனதில் எப்போது மன்னித்தானோ தெரியாது, ஆனால் தன்னை வெளிப்படுத்தும் முன் அவர்களை மூன்று நாள் காவலில் வைத்தான், சிமியோனைப் பிடித்துக்கொண்டான், தம்பி பென்யமீனுக்காக யூதா தன்னையே அடிமையாகத் தர முன்வரும்வரை பொறுத்துப் பார்த்தான். யோசேப்பை விற்கலாம் என்று சொன்ன அதே யூதா. கனி அப்படித்தான் தெரியும்.

ஆகவே இன்று பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமைக்கான உத்தரவும் வாங்கலாம்; மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுங்கள். காயத்துக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அவர் மாறிவிட்டாரா என்று பார்க்கக் குறைந்தது ஆறு மாதம் தனியே இருந்து கவனியுங்கள். "நீ வாய் பேசினதாலதான்" என்ற சொல் நின்றதா, ஆலோசனைக்குத் தானாகப் போகிறாரா, நீங்கள் "இன்னும் வரமாட்டேன்" என்று சொல்லும்போது கோபப்படுகிறாரா? கடைசிக் கேள்விக்கான பதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். மூப்பர்களுக்கு: அந்த வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகும் முன், பேசுவதற்கு அந்தச் சகோதரி உயிரோடு இருக்க வேண்டும் என்பதை நினையுங்கள்.

கேள்வி: கொடைக்கானல், கத்தோலிக்கர். அப்பாவோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தேன், அவர் அடக்கத்துக்கும் போகவில்லை. பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து 19 வருஷம் ஆகிறது. பங்குத்தந்தைக்கு என் குடும்பத்தையே தெரியும். எப்படிப் போவது?

பதில்: அவரிடமே போக வேண்டும் என்றில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க அதிகாரம் உள்ள எந்தக் குருவிடமும் போகலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை, திரைக்குப் பின்னால் இருந்து பேசலாம். கேட்டதை எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 983 குருவைக் கட்டுகிறது. உங்கள் ஊர் சலேத் மாதா ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் லா சலேத் மலையில் இரண்டு பிள்ளைகள் கண்டது, முகத்தைக் கைகளில் புதைத்து அழும் தாயை. மனம் திரும்பச் சொல்லியே அந்தத் தாய் அழுதாள். ஆனால் ஆகஸ்ட் 15 திருவிழாக் கூட்டத்தில் போகாதீர்கள். வரிசை நீளம், குருவுக்கு நேரம் இருக்காது. சாதாரண வார நாளில், காலைத் திருப்பலிக்குப் பிறகு, "எனக்கு அரை மணி நேரம் வேண்டும்" என்று கேளுங்கள்.

முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள், சங்கீர்த்தனம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள். பெரிய பாவங்களை வகையும் ஏறக்குறைய எத்தனை முறை என்பதும் சொன்னால் போதும், கதை வேண்டாம். நல்லெண்ணத்தோடு சொல்லியும் மறந்துபோனது மன்னிக்கப்பட்டதே. பிறகு நினைவு வந்தால் அடுத்த முறை சொல்லுங்கள். குரு கொடுக்கும் பரிகாரத்தை அன்றே செய்துவிடுங்கள்.

அப்பாவிடம் இனி நேரில் கேட்க முடியாது. ஆனால் கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டிப் படுக்கை மாற்றியவர் யாரோ இருக்கிறார், அக்காவோ தம்பி மனைவியோ. உங்கள் பங்கு வேலையையும் அவரே சுமந்தார். அவரிடம் போய், "உன் தலையில எல்லாத்தையும் போட்டுட்டேன்" என்று சொல்லுங்கள். அப்பாவுக்காக ஒரு திருப்பலிக்குக் கொடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று மற்றவர்கள் வருமுன் காலையிலேயே போய்ப் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துவையுங்கள்.

19 வருஷம் ஆச்சு, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, மனத்துயர் செபமும் மறந்துவிட்டது என்று அப்படியே சொல்லுங்கள். மிச்சத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வது குருவின் வேலை.