தீவில் இரண்டு தலைவர்கள்: கூட்டம் ஏன் வேட்டைக்காரன் பக்கம் சாய்கிறது?

கேள்வி: ஆளில்லாத் தீவில் சிக்கிய ஒரு கூட்டத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். ஒரு தலைவன் சட்டம், ஒழுங்கு என்பவன். இன்னொருவன் வேட்டை, வெறி என்பவன். படித்துப் பார்த்தவர்கள், "இரண்டாமவன் சினிமா வில்லன் மாதிரி இருக்கிறான், மற்றவர்கள் ஏன் அவன் பின்னால் போகிறார்கள் என்றே புரியவில்லை" என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்:

அவன் வில்லனாக இருப்பதில் தவறில்லை. கூட்டத்துக்கு வேண்டிய எதுவும் அவன் கையில் இல்லை என்பதுதான் தவறாக இருக்கும். அவனுடைய பால்யகாலச் சோகத்தைப் பத்துப் பக்கம் எழுதினாலும் இது சரியாகாது. சாப்பாடு யார் கையில், நெருப்பு யார் கையில், ஆயுதம் யார் கையில், ராத்திரி பயந்து விழித்தவன் யாரிடம் ஓடுகிறான்? இந்த நான்குக்கும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பதில் மாறிக்கொண்டே வர வேண்டும். மாறவில்லையென்றால் இரண்டு பேரும் கடைசிவரை மேடைப்பேச்சுதான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை. படிக்காதவர்களுக்கு இரண்டு வரி: போர்க்காலத்தில் விமானம் விழுந்து, பெரியவர்கள் யாருமில்லாத தீவில் ஆங்கிலேயப் பள்ளிச் சிறுவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ரால்ஃப் தலைவனாகிறான், ஜாக் அவனுக்குப் போட்டி. கடைசியில் ஊரே சேர்ந்து ரால்ஃபைப் பன்றியைத் துரத்துவதுபோலத் துரத்துகிறது. 'மனிதனுக்குள் இருக்கும் மிருகம்' என்று இதற்குப் பொழிப்புரை எழுதியவர்கள் ஏராளம். எழுதுகிறவருக்கு அந்தப் பொழிப்புரையால் பிரயோஜனமில்லை. எந்தப் பொருள் எந்தக் காட்சியில் யார் கைக்குப் போகிறது என்று பென்சிலோடு உட்கார்ந்து குறித்துப் பாருங்கள்.

முதல் அத்தியாயத்துத் தேர்தலிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. ரால்ஃப் ஜெயிப்பது தகுதியால் அல்ல. அமைதியாக உட்கார்ந்திருக்கிறான், வாட்டசாட்டமாக இருக்கிறான், சங்கு ஊதி எல்லோரையும் கூட்டியவன் அவன். அவ்வளவுதான். அந்தச் சங்கு என்னவென்று கண்டுசொல்லி, எப்படி ஊதுவது என்று சொல்லிக்கொடுத்த மூளை பிக்கி என்ற குண்டுப் பையனுடையது. ஜாக் சொல்லும் தகுதியோ, தான் பாடகர்குழுத் தலைவன், உச்ச சுரம் பாடத் தெரியும் என்பது. இரண்டு பேர் தகுதியும் ஒரே லட்சணம்தான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஒழுங்குத் தலைவன் முதல் பக்கத்திலேயே நியாயவானாக, அறிவாளியாக வந்து நிற்கிறான் என்றால் அங்கேயே கதை பாதி செத்துவிட்டது.

தோற்றவன் முகம் வாடுவதைப் பார்த்து, ரால்ஃப் ஏதாவது கொடுத்துச் சமாதானப்படுத்த நினைக்கிறான். பாடகர்குழு உன்னுடையதுதான், அவர்களை என்ன செய்யலாம் என்று கேட்கிறான். வேட்டைக்காரர்கள் ஆக்கலாம் என்கிறான் ஜாக். தீவிலேயே வரிசையில் நிற்கப் பழகிய, சொன்னால் கேட்கும் ஒரே அணி அது. அதைத் தேர்தல் முடிந்த சூட்டோடு எதிராளியிடம், அதுவும் நட்பாக, ஒப்படைத்துவிடுகிறான். ஜாக்கின் படை அவன் பறித்துக்கொண்டது அல்ல, கையில் கொடுக்கப்பட்டது. உங்கள் நாவலிலும் இப்படி ஒரு கொடை இருக்கிறதா பாருங்கள். முதல் தலைவன் நல்ல மனதோடு செய்யும் விட்டுக்கொடுத்தல்தான் பின்னால் அவன் கழுத்துக்கு வர வேண்டும்.

இன்னொன்று. தொடக்கத்தில் சட்டம் வேண்டும் என்று அதிகம் குதிப்பது ஜாக்தான். நிறைய விதிகள் போடுவோம், மீறினால் தண்டிப்போம், நாம் ஒன்றும் காட்டுமிராண்டிகள் இல்லையே என்பது அவன் வசனம். அவனைக் கவர்வது விதியல்ல, தண்டிக்கக் கிடைக்கும் வாய்ப்பு என்பது பின்னால்தான் விளங்கும். முதல் பன்றிக்குட்டி கையில் சிக்கியபோதுகூட அவனால் கத்தியை இறக்க முடியவில்லை. அந்தத் தயக்கம் போவதற்கே மூன்று அத்தியாயம் ஆகிறது.

நான்காம் அத்தியாயத்தைத் தனியாக எடுத்து வைத்துப் படியுங்கள். ரால்ஃபிடம் இருக்கும் சரக்கு புகை: கப்பல் பார்த்தால் ஒருநாள் காப்பாற்றப்படுவோம். ஜாக்கிடம் இருப்பது இறைச்சி: இன்றைக்கு, இப்போது, சூடாக. ரால்ஃபின் சரக்குக்கு ஒரு மோசமான குணம் உண்டு. தினமும் விறகு சுமக்க வேண்டும், பலன் கண்ணில் படாது. இந்த அத்தியாயத்தில் நெருப்பைக் காக்க வேண்டியவர்களையும் ஜாக் வேட்டைக்கு இழுத்துக்கொண்டு போகிறான். நெருப்பு அணைந்த அந்த நேரத்தில்தான் ஒரு கப்பல் கடந்து போகிறது. நியாயம் முழுக்க ரால்ஃப் பக்கம். ஆனாலும் காட்சி முடியும்போது ஜெயித்திருப்பது யார்? ஜாக் மன்னிப்புக் கேட்கிறான், அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துக் கூட்டம் சொக்குகிறது. ரால்ஃப் பதில் சொல்லாமல் அணைந்த சாம்பல் மேலேயே நிற்கிறான். நகரச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. புது நெருப்பை மூன்று கெஜம் தள்ளி, வசதியில்லாத இடத்தில் மூட்டுகிறார்கள். தலைமை என்ற சொல்லே இல்லாமல் தலைமையைக் காட்டும் இடம் இது. அப்புறம் இறைச்சி வேகிறது. வேண்டாம் என்று சொல்ல நினைத்த ரால்ஃபும் கை நீட்டி வாங்கிக் கடிக்கிறான். எனக்கில்லையா என்று பிக்கி கேட்கிறான், நீ வேட்டைக்கு வரவில்லையே என்கிறான் ஜாக். யாருக்குச் சோறு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிறவன் ஆகிவிட்டான். சைமன் என்ற பையன் தன் துண்டைப் பிக்கியிடம் தள்ளும்போது ஜாக்குக்கு வரும் கோபத்தின் அர்த்தம் அதுதான்: பங்கீடு என் அதிகாரம், நீ யார் கொடுக்க?

ஐந்தாம் அத்தியாயம் ஒழுங்குத் தலைவன் எப்படித் தோற்க வேண்டும் என்பதற்குப் பாடம். ரால்ஃப் கூட்டம் கூட்டுகிறான். பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது, அது முதல் தவறு. குடிதண்ணீர், குடிசை, கழிப்பிடம், நெருப்பு என்று அவன் அடுக்குவது எல்லாம் சரியான விஷயம். கூட்டத்தை அத்தோடு கலைத்திருக்கலாம். கடைசியாக, தீவில் ஏதோ மிருகம் இருக்கிறது என்ற பயத்தைப் பற்றியும் பேசித் தீர்த்துவிடுவோம் என்று தானே வாசலைத் திறந்துவிடுகிறான். இருட்டில் பயத்தைப் பற்றிப் பேசினால் பயம் தீருமா? ஜாக் விதிகளைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, மிருகம் இருந்தால் வேட்டையாடுவோம் என்கிறான், கூட்டம் அவன் பின்னால் ஓடுகிறது. சங்கை ஊது என்று பிக்கி கெஞ்சுகிறான். ரால்ஃப் ஊதவில்லை. ஊதி அவர்கள் வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது அவனுக்குத் தெரியும். மதிப்பு என்பது சோதித்துப் பார்க்காதவரைதான் இருக்கிறது என்று இங்கே யாரும் வசனம் பேசவில்லை, ஊதாத ஒரு சங்கு போதுமாக இருக்கிறது.

இப்போது உங்கள் வாசகர்கள் கேட்டதற்கு வருகிறேன். எட்டாம் அத்தியாயத்தில் ஜாக், ரால்ஃப் தலைவனாக இருக்கக்கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள் என்கிறான். ஒரு கைகூட எழவில்லை. அவன் அழுதுகொண்டே தனியே போகிறான். பிறகு பார்த்தால் பெரிய பையன்கள் ஒவ்வொருவராக நழுவியிருக்கிறார்கள். மக்கள் கட்சி மாறுவது இப்படித்தான்: கைதூக்கி அல்ல, சாப்பாட்டு நேரத்தில். பல கையெழுத்துப் பிரதிகளில் அணி மாறும் காட்சியை உணர்ச்சிகரமான வாக்கெடுப்பாக எழுதுகிறார்கள், அதனால்தான் நம்பமுடியாமல் போகிறது.

அடுத்த அத்தியாய விருந்தில் ஜாக் வெளிப்படையாக விலை சொல்கிறான்: உங்களுக்குச் சோறு போட்டேன், என் ஆட்கள் மிருகத்திடமிருந்து காப்பாற்றுவார்கள். சங்கு தீவின் இந்தக் கோடியில் செல்லாது என்றும் சொல்கிறான். அப்போது மழை வருகிறது. உங்கள் குடிசை எங்கே என்று ரால்ஃப் கேட்க, வாதத்தில் அவன் கை ஓங்குகிறது. ஜாக் பதில் சொல்வதில்லை, ஆடுங்கள் என்று கத்துகிறான். அந்த ஆட்டத்தில்தான் சைமன் அடித்துக் கொல்லப்படுகிறான். இடிக்குப் பயந்து ரால்ஃபும் பிக்கியும் அந்த வட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். ஒழுங்குத் தலைவன் கையிலும் ரத்தம் படாத கதை பிரச்சாரமாகிவிடும்.

வன்முறையின் படிக்கட்டுக்கு, ஜாக்கின் ஆளாகிவிடும் ரோஜரைப் பாருங்கள். நான்காம் அத்தியாயத்தில் ஒரு சிறுவனைச் சுற்றிக் கல் எறிகிறான், ஆனால் சுமார் ஆறு கெஜ வட்டத்துக்குள் எறியத் துணியவில்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ் எல்லாம் சேர்ந்து போட்ட வட்டம் அது. பதினோராம் அத்தியாயத்தில் அவனே பாறையை நெம்பித் தள்ளுகிறான். பிக்கி சாகிறான், சங்கும் தூளாகிறது. நடுவில் வில்ஃப்ரெட் என்பவனைக் கட்டிவைத்து அடிக்கப் போகிறார்கள், காரணம் யாருக்கும் தெரியாது. மூன்று படி. நடுப்படியை விட்டால் மூன்றாவது படி அதிர்ச்சிக்காக ஒட்டவைத்ததாகத் தெரியும்.

குறையும் உண்டு. தீவில் நெருப்பு மூட்டுவது பிக்கியின் மூக்குக்கண்ணாடியை வெயிலில் பிடித்துத்தான். அவனுக்கோ கிட்டப்பார்வை. கிட்டப்பார்வைக் கண்ணாடி நடுவில் மெலிந்த குழி லென்ஸ், ஒளியைக் குவிக்காது, அதால் நெருப்பு மூட்டவே முடியாது. கதையின் அச்சாணியே இயற்பியல்படி தப்பு! ஆனாலும் முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை, ஏனென்றால் கண்ணாடி யார் கையில் என்ற கேள்வி அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துவைக்கிறது. ஜாக்கின் ஆட்கள் இரவில் வந்து திருடுவது அதைத்தான், சங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெட்டுவதற்கும் இதில் பாடம் இருக்கிறது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிரதி இது. ஃபேபர் நிறுவனத்தின் சார்ல்ஸ் மான்டீத் எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் இருந்த அணுப்போர் வர்ணனையை நீக்கவைத்தார், சைமனின் தெய்வாம்சத்தையும் குறைக்கவைத்தார். உங்கள் பிரதியிலும் உலகம் எப்படி அழிந்தது என்ற முதல் முப்பது பக்கம் இருந்தால் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

"நிஜத்தில் இப்படி நடக்குமா" என்று யாராவது கேட்டால் தயாராக இருங்கள். 1965இல் டோங்கா நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் 'அட்டா' என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். 1966 செப்டம்பரில் ஆஸ்திரேலியரான பீட்டர் வார்னரின் படகு மீட்கும்வரை, சுமார் 15 மாதம், முறைபோட்டு வேலை செய்தார்கள், நெருப்பை அணையவிடவில்லை, சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறிவிட்டு வந்தார்கள். ஆறு பேரும் முன்பே நண்பர்கள். இரண்டாவது அணி கிடையாது, பொறுப்பு சுமக்க முடியாத குழந்தைகள் கிடையாது. கோல்டிங் தன் தீவில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே வைத்தார். ஒழுங்கு ஜெயிக்க வேண்டுமென்றால் நீங்கள் எதை எடுக்க வேண்டும், தோற்க வேண்டுமென்றால் எதைச் சேர்க்க வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் பிரதிக்கு ஒரு தாளை எடுத்து, அத்தியாய எண்ணுக்கு நேராகச் சாப்பாடு, நெருப்பு, ஆயுதம், பயம் நான்கும் யாரிடம் என்று எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு அத்தியாயத்தில் எதுவும் நகரவில்லையென்றால் ஒன்றை வெட்டுங்கள். எல்லாம் ஒரே அத்தியாயத்தில் கைமாறினால் அதை மூன்றாகப் பிரியுங்கள். பயம் கடைசிவரை ஒருவரிடமும் போகாமல் சும்மா கிடந்தால், உங்கள் இரண்டாமவன் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.