வீடு கட்டும் சிறு கான்ட்ராக்டர் நான். கூகுளில் என் பக்கம் இருந்தும் போன் வருவதில்லை. என்ன மாற்ற வேண்டும்?

முதலில் அந்த 3டி எலிவேஷன் படங்களை எடுத்துவிடுங்கள். நானும் மதுரையில் தனி வீடுகள் கட்டித் தருகிற தொழில்தான். கட்டாத வீட்டின் கம்ப்யூட்டர் படத்தை எல்லா கான்ட்ராக்டரும் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை.

வீடு கட்ட ஆள் தேடுகிறவரின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். பி.எஃப். பணம், நகைக் கடன், பேங்க் லோன் எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறார். கம்பியில் கை வைத்துவிடுவார்களோ, பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்பதுதான் அவருக்குள் ஓடும் பயம். பூச்சுக்கு அப்புறம் எதுவும் வெளியே தெரியாது. அதனால் பூச்சுக்குள் மறையப்போவதைத்தான் உங்கள் பக்கம் காட்ட வேண்டும்.

ரூஃப் காங்கிரீட்டுக்கு முந்தைய சாயங்காலம், கம்பி கட்டி முடித்ததும் மேலே ஏறுங்கள். டேப்பை விரித்து, கம்பிக்குக் கம்பி இடைவெளி எண்ணோடு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். குனிந்து, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பி அடிப்பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) இருப்பது தெரிய இன்னொரு படம். பாத்ரூம் தரையில் வாட்டர் ப்ரூஃபிங் அடித்துத் தண்ணீர் தேக்கி வைத்திருக்கும்போது ஒன்று. போட்டோ பகுதியில் விளக்கம் எழுத இடம் கிடையாது, அதனால் இவற்றை ‘அப்டேட்’ பகுதியில் போட்டு இரண்டு வரி எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் இப்படித்தான் இருக்கும்: “ஆனையூர், 1,050 சதுர அடி, தரைத்தள ரூஃப். 8 மி.மீ. கம்பி 6 அங்குலத்துக்கு ஒன்று, அடியில் 20 மி.மீ. கவர் பிளாக். நாளை காலை காங்கிரீட்.” பி.பி.சி. சிமெண்ட் (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்தது) போட்ட காங்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எட்டாம் நாளும் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிற படத்தைப் போட்டால், விஷயம் தெரிந்தவர் ஒருவர் பார்த்தாலே போதும், நாலு பேரிடம் சொல்வார். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். கதவு எண், வண்டி நம்பர் படத்தில் விழக்கூடாது.

பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறதோ அதே பெயர்தான் கூகுளிலும் இருக்க வேண்டும். ‘மதுரை பெஸ்ட் பில்டர்ஸ் லோ காஸ்ட்’ என்று வால் சேர்ப்பது விதிக்குப் புறம்பு, பக்கத்தையே முடக்கிவிடலாம். என்ன தொழில் என்று காட்டும் வகையில் முதன்மையாக ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம், ஆனால் செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்தால் முகவரியை மறைத்துவிட்டு, வேலை எடுக்கும் ஊர்களை மட்டும் கொடுக்கலாம். 20 இடம் வரை அனுமதி உண்டு. நீங்கள் தினமும் போய்ப் பார்க்கக்கூடிய ஊர்கள் மட்டும் போதும். கூகுள் இலவசமாகக் கொடுத்த வெப்சைட்டுகள் 2024 மார்ச்சோடு நின்றுவிட்டன. விசிட்டிங் கார்டில் அந்த முகவரி இன்னும் இருந்தால் கார்டை மாற்றுங்கள்.

ரேட்டை மறைக்காதீர்கள். ‘சர்வீஸ்’ பகுதியில் லேபர் கான்ட்ராக்ட் தனி, மெட்டீரியலோடு தனி என்று சதுர அடிக் கணக்கில் போடலாம். அதைவிட முக்கியம், அந்த ரேட்டில் எது சேராது என்பது. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர்வெல் ஆகிய நாலும்தான் பெரும்பாலான சண்டைக்குக் காரணம். முதலிலேயே எழுதி வைத்தால், ரேட்டுக்காக மட்டும் கூப்பிடுகிறவர்கள் குறைவார்கள். அது நல்லதுதான்.

ரிவ்யூவுக்குக் காசோ பரிசோ கொடுக்காதீர்கள், கூகுள் அதற்கு அனுமதிப்பதில்லை. சாவி கொடுக்கும் அன்று எல்லோரும் ‘சூப்பர்’ என்றுதான் எழுதுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பழைய வீட்டுக்காரர்களுக்குப் போன் பண்ணுங்கள். “ஒழுகுதா சார், எங்கேயாவது ஓதம் இருக்கா?” என்று கேளுங்கள். இருந்தால் ஆள் அனுப்பிச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் அதையே ஊர்ப் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ரெண்டு மழை பார்த்துட்டோம், ஒரு சொட்டு இறங்கலை’ என்ற வரிக்கு முன்னால் எந்த விளம்பரமும் நிற்காது.

ஸ்டார் குறைந்தால் கோபப்படாமல் பதில் எழுதுங்கள். டைல்ஸின் இரண்டாவது லோடு ஷேடு மாறி வந்ததால் ஒரு வீடு எங்களுக்குத் தள்ளிப்போனது. அவர் இரண்டு ஸ்டார் போட்டார். லோடைத் திருப்பி அனுப்பியதையும், தாமதமானாலும் ஒரே ஷேடில் பதித்துக் கொடுத்ததையும் அவருக்கு மரியாதையாகவே பதிலில் எழுதினேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டு நாகமலை பக்கம் ஒருவர் கூப்பிட்டார். போன வைகாசியில் அவர் வீடு பால் காய்ச்சியாயிற்று.

கடைசியாக, போன். மிக்சர் ஓடும்போது நம்மால் எடுக்க முடியாது, அவர்கள் அடுத்த ஆளுக்கு அடித்துவிடுவார்கள். வீட்டில் ஒருவர் எடுக்கக்கூடிய நம்பரைக் கொடுங்கள். எங்களுக்கு என் தங்கைதான் எடுக்கிறாள். இடம் எங்கே, பிளான் அப்ரூவல் ஆயிற்றா, எத்தனை சதுர அடி, எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டு நோட்டில் எழுதி வைப்பாள். சாயங்காலம் சைட்டிலிருந்து வந்ததும், அதைப் பார்த்துக்கொண்டே நான் திருப்பிக் கூப்பிடுவேன்.