பாலும் பாலினமும் ஒன்றா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் "உடம்பு வேறு, பாலினம் வேறு" என்கிறாள். பிறக்கும்போதே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறதே, அப்புறம் என்ன வேறு என்று கேட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் சண்டையில் பாதி, சொல்லால் வந்தது அம்மா. உடலைப் பற்றிப் பேசும்போதும் 'பாலினம்' என்கிறோம், ஆண் இப்படி, பெண் இப்படி என்று ஊர் வகுத்து வைத்திருப்பதற்கும் அதே சொல்தான். இங்கே உடலைப் 'பால்' என்றும் மற்றதைப் 'பாலினம்' என்றும் வைத்துக்கொள்கிறேன்.

பால் என்றால் குரோமோசோம், ஹார்மோன், இனப்பெருக்க உறுப்புகள். இதை யாரும் பேசி மாற்றிவிட முடியாது. ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால், 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைக்கச் சொன்னது. ஆனால் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்துவிடும் என்றீர்களே, அது எப்போதும் சரியில்லை. கருவில் முதல் ஆறு வாரங்கள் வரை எல்லோருக்கும் ஒரே அமைப்புதான். அதன்பிறகு வழக்கமாக ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு வேலையைத் தொடங்கினால் விரை உருவாகும், இல்லையென்றால் சினைப்பை. வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்ஒய் குரோமோசோம் இருந்தும், ஆண் ஹார்மோனை உடல் ஏற்றுக்கொள்ளாததால் பெண் உடலோடு பிறக்கிறவர்கள் உண்டு, அவர்களில் பலருக்கு வயது வந்தும் மாதவிடாய் வராமல் டாக்டரிடம் போகும்போதுதான் விஷயமே தெரியவருகிறது.

சரி, பாலினத்துக்கு வருவோம். 1940களில் எனியாக் என்ற கணினிக்கு நிரல் அமைத்த முதல் குழுவில் இருந்த ஆறு பேரும் பெண்கள். அன்று அதை எழுத்தர் வேலை மாதிரி, பெண்கள் செய்வது என்று நினைத்தார்கள். சில பத்தாண்டுகளில் அதுவே ஆண்களின் துறை என்று பேர் வாங்கிவிட்டது. இதற்கிடையில் யாருடைய குரோமோசோமும் மாறவில்லையே! உங்கள் மகள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது, தன்னைத் தான் யாராக உணர்கிறோம் என்பது. திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் அந்த உணர்வு, பிறந்தபோது எழுதிய பாலோடு ஒத்துப்போவதில்லை. விளையாட்டிலும் சட்டத்திலும் எந்த இடத்தில் பாலைப் பார்ப்பது, எந்த இடத்தில் பாலினத்தைப் பார்ப்பது என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் இந்த உணர்வு மனநோய் இல்லை, 2019இல் உலக சுகாதார அமைப்பின் புதிய நோய் வகைப்பாடு ஏற்கப்பட்டபோது மனநலக் கோளாறுகளின் பகுதியிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள்.

ஆக, உடல் உண்மை என்று நீங்கள் சொல்வதும் சரி, உடலோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்று அவள் சொல்வதும் சரி. எனக்குக் கவலை அவள் எழுந்து போவதில்தான். அவள் தன்னைப் பற்றிப் பேசுகிறாளா, ஒரு தோழிக்காகப் பேசுகிறாளா, அல்லது 'பெண் பிள்ளை இப்படியா சிரிப்பது' என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப் பேசுகிறாளா என்று என்னால் சொல்ல முடியாது, நீங்களும் ஊகிக்க வேண்டாம். யார் சரி என்று தொடங்காமல், "உனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.