சும்மா கொட்டியதா?

கேள்வி: அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் திட்டமே இல்லாமல் பெயின்டைத் தரையில் கொட்டினாராமே, அதையா ஓவியம் என்கிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முன்கூட்டி ஸ்கெட்ச் போடமாட்டார், அது சரி. சும்மா கொட்டினார் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், வீட்டுக்குப் பக்கத்து மரக்கொட்டகையில் கேன்வாஸைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் சுற்றி வந்து, குச்சியாலும் காய்ந்து விறைத்த பிரஷ்ஷாலும் வீட்டுக்கு அடிக்கிற எனாமலைச் சொட்டவிட்டார். டியூபில் வரும் எண்ணெய் வண்ணம் கெட்டி, அப்படி நூலாக ஒழுகாது. கை வேகமாகப் போனால் கோடு மெலியும், கொஞ்சம் தயங்கினாலும் அந்த இடத்தில் குட்டையாகத் தேங்கிவிடும், அந்தக் கணக்கெல்லாம் அவர் மணிக்கட்டுக்கு அத்துப்படி.

1947-இல் வரைந்த 'ஃபுல் ஃபாதம் ஃபைவ்' நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் ஆணி, பட்டன், சாவி, சில்லறை, தீக்குச்சி எல்லாம் பெயின்டுக்குள் புதைந்து கிடக்கும்! எனக்கு மிகவும் பிடித்த படம்.

இப்படிச் சொட்டவிடுவது ஒரே நாளில் உதித்த யோசனையும் இல்லை. 1936-லேயே மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸ் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் இப்படி ஊற்றிப் பழகியவர். அப்புறம், பொல்லாக் வரைவதைப் புகைப்படக்காரர் ஹான்ஸ் நமுத் 1950-இல் எடுத்த குறும்படத்தைப் பாருங்கள். பெயின்டின் ஓட்டம் தன் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, தற்செயல் என்று எதுவும் இல்லை என்று பொல்லாக்கே அதில் சொல்கிறார்.